பக்கங்களின் அந்தாதி: கணினி அச்சுக்கோப்பில் தொடர்சட்டகங்கள்



நிறைவு விழாவில் மலர் வெளியிடுதல் தமிழ் இலக்கிய அமைப்புகளின் நல்மரபு. கட்டுரை வேண்டி மடல் எழுதுதல், வந்த கட்டுரைகளை ஒழுங்குபடுத்துதல், மெய்ப்புப் பார்த்தல், அட்டைப்படம் தேர்தல் எனப் பலர் கைகூடிச் செய்யும் பணி அது. இப்பணிகளுள் ஒன்று மட்டும் புலவர் கண்ணில் படாமலே நடந்து முடிந்துவிடுகிறது. எழுதப்பட்ட உரையைக் கணினித் திரையில் பக்கம் பக்கமாகப் பாய்ச்சும் பணியே அது. அது அச்சகத்தார் பாடு என்று புலவர் ஒதுங்குகிறார். எழுத்து புலவர் பாடு என்று அச்சகத்தார் ஒதுங்குகிறார். இருவர்க்கும் இடையே கட்டுரையின் கடைசி நான்கு வரிகள் ஒருவரும் அறியாமல் காணாமற் போகின்றன. அவ்வாறு போகாமற் காப்பதற்குரிய வழியை அறிதல் மலர் பதிப்பிக்கும் ஒவ்வோர் அமைப்புக்கும் கடமையாகும். அவ்வழிக்குப் பெயர் உரைச்சட்டகங்களைத் தொடுத்தல்.

செங்கற்பட்டுச் சீமையில் பிறந்தவர்க்கு இதனை விளக்குவது எளிது. ஏரிகள் மிகுந்த நாடு இது. இங்குள்ள ஏரிகள் பல, ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரிவில் அமைந்தவை. மேலேரி நிறைந்ததும் மிகுநீர் கலங்கல் வழியே வழிந்து, கால்வாயில் ஓடிக் கீழேரியை அடைகிறது. அதுவும் நிறைந்தால் அதன் கலங்கல் அடுத்த ஏரிக்கு வழிவிடுகிறது. ஏரிகள் பலவாயினும் நீர் ஒன்றே. இடையே ஓர் ஏரியின் கரையை உயர்த்தினால் கீழே உள்ள ஏரிகளின் வரத்து குறைகிறது. கரையைத் தாழ்த்தினால் வரத்து கூடுகிறது. ஒவ்வோர் ஏரிக்கும் ஆள் சென்று நீரை முகந்து மாற்ற வேண்டுவதில்லை.

பக்க வடிவமைப்பு மென்பொருளில் உரைச்சட்டகம் என்பது எழுத்தைத் தேக்கும் ஏரி. அச்சகங்களில் அதனைப் 'பாக்ஸ்' என்பர். அதன் மேல் இடமூலையில் ஒரு சிறு கட்டமும் கீழ் வலமூலையில் ஒரு சிறு கட்டமும் உள்ளன. முன்னதை வரத்துவாய் என்றும் பின்னதைப் போக்குவாய் என்றும் தமிழில் வழங்கலாம். முதற் சட்டகத்தின் போக்குவாயில் சொடுக்கினால் சுட்டியின் உருவம் எழுத்தைச் சுமந்ததாக மாறும். அச்சுட்டியை அடுத்த பக்கத்துச் சட்டகத்தின்மேல் சொடுக்கினால் இரண்டும் தொடுக்கப்பட்டன. முதற் சட்டகத்தில் கொள்ளாத எழுத்து தானே இரண்டாவதில் இறங்கும். இவ்வாறு மூன்றாவது, நான்காவது எனத் தொடுத்துக்கொண்டே செல்லலாம். தொடுத்த சட்டகங்கள் அனைத்திலும் உள்ளது ஒரே உரைத்தொடர் என்று கணினி கொள்கிறது. இதுவே அடிப்படை.

இம்முறை புதியதன்று. 1985-இல் ஆல்டஸ் நிறுவனம் மெக்கின்டோஷ் கணினிக்கென வெளியிட்ட பேஜ்மேக்கரிலேயே ஒரு பக்கத்து உரைப்பகுதி மறுபக்கத்து உரைப்பகுதியோடு தொடர்ந்து நின்றது. அதில் உரைப்பகுதியின் மேலும் கீழும் இழுத்து மூடும் திரைச்சீலையின் கைப்பிடி போன்ற அமைப்பு இருந்தது. கீழ்ப்பிடியில் கூட்டல் குறி தோன்றினால் தொடர்ச்சி வேறிடத்தில் உண்டு என்று பொருள். சிவப்பு முக்கோணம் தோன்றினால் வைக்கப்படாத உரை மிச்சம் உண்டு என்று பொருள். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டு அச்சகங்கள் பலவும் ஈய எழுத்தை விட்டுக் கணினிக்கு மாறியபோது கையாண்டது இப்பேஜ்மேக்கரைத்தான். 1994-இல் ஆல்டஸ் நிறுவனத்தை அடோபி வாங்கியது. 1999-இல் இன்டிசைன் வந்தது. 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு பேஜ்மேக்கர் நின்றது. 1987-இல் தோன்றிய குவார்க் எக்ஸ்பிரசிலும், விலையின்றிக் கிடைக்கும் ஸ்கிரைபசிலும் இதே தொடுப்பு உண்டு. ஸ்கிரைபசில் முதற் சட்டகத்தைத் தேர்ந்து, தொடுப்புக் கருவியை எடுத்து, அடுத்த சட்டகத்தைச் சொடுக்க வேண்டும். கருவியின் இடமும் பெயரும் மாறுமேயன்றிக் கருத்து மாறுவதில்லை.

எந்தச் சட்டகத்தைத் தொடுப்பது, எதனைத் தொடாமல் விடுவது என்னும் வினா அடுத்து எழுகிறது. இதற்கு விடை தேட மாமல்லபுரக் கடற்கரைக்குச் செல்வது பயன் தரும். கல்லில் எழுத்தை இடமறிந்து வைத்த நிலம் அது. அங்கு எழுத்து மூன்று வகையாக நிற்கக் காணலாம்.

முதல்வகை தருமராச ரதத்தில் உள்ளது. பல்லவ மன்னனின் விருதுப்பெயர்கள் அக்கோயிலின் பல இடங்களில் தனித்தனியே பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பெயரும் தன்னளவில் நிறைவுடையது. ஒன்றைப் படித்து முடித்தபின் தொடர்ச்சியைத் தேடி மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுவதில்லை. மலரில் வரும் படக்குறிப்பு, கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர் பெயர், பெட்டிச் செய்தி ஆகியன இவ்வகையின. இவற்றுக்குத் தனிச்சட்டகமே தக்கது. இவற்றைக் கட்டுரை உரையோடு தொடுத்தால், உரையில் ஒரு வரி குறையும்போது படக்குறிப்பு படத்தை விட்டு நகர்ந்துவிடும்.

இரண்டாம் வகை கணேச ரதத்திலும் தருமராச மண்டபத்திலும் உள்ளது. ஒரே வடமொழிச் சுலோகத் தொகுதி இவ்விரண்டு இடங்களிலும் வெட்டப்பட்டுள்ளது. வடக்கே சாளுவன்குப்பத்து அதிரணசண்டன் குடைவரையில் இது இன்னும் வியப்பாக அமைந்திருக்கிறது. ஒரு பக்கச் சுவரில் கிரந்த எழுத்திலும் எதிர்ப்பக்கச் சுவரில் நாகரி எழுத்திலும் அதே சுலோகங்கள் காணப்படுகின்றன. இவை படிகள். ஒரு சுவரில் எழுத்து சிதைந்தால் மறுசுவர் அதனை அறியாது. ஒன்றில் திருத்தினால் மற்றொன்று திருந்தாது. கணினியில் ஒரு பகுதியை வெட்டி வேறொரு தனிச்சட்டகத்தில் ஒட்டுவதும் இத்தகையதே. ஒட்டிய கணம் முதல் அப்பகுதிக்கும் மூலத்துக்கும் உறவு அற்றுவிடுகிறது.

மூன்றாம் வகை அருச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கல் என்றும் இருவிதமாகக் கூறப்படும் பெரும்பாறைச் சிற்பத்தில் உள்ளது. அங்கே பாறை இரண்டு. நடுவே இயற்கையாய் அமைந்த பிளவு. சிற்பி அப்பிளவைக் குறையாகக் கருதவில்லை. அதனையே நீர் இறங்கும் வழியாக்கி, நாகர்களை அதில் வைத்து, இருபாறைகளையும் ஒரே காட்சியாக்கினான். பார்ப்பவன் கண் பிளவில் தடைப்படாமல் ஒரு பாறையிலிருந்து மறுபாறைக்குச் செல்கிறது. எதிரெதிர்ப் பக்கங்களில் ஓடும் கட்டுரைக்கு இதுவே உவமை. நடுவே தாளின் மடிப்பு இருக்கிறது. வாக்கியம் அதனைக் கடந்து செல்கிறது. இவ்வாறு கடக்கவேண்டிய உரைக்கே தொடர்சட்டகம் வேண்டும்.

தமிழ்ப் புலவர்க்கு இக்கருத்து புதிதன்று என்பதற்குக் கடல்மல்லையே சான்று. பூதத்தாழ்வார் அவதரித்த தலம் அது. அவர் அருளிய இரண்டாம் திருவந்தாதி நூறு வெண்பாக்களால் ஆனது. ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாக வருவது அந்தாதி. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்திலேயே இத்தொடை காணப்படுகிறது. இதனைச் செவிக்கு இனிய ஓசைநலமாக மட்டும் காண்பது போதாது. நூறு பாட்டும் தனித்தனி ஏடுகளாகச் சிதறினும், ஒன்றன் இறுதியைக் கொண்டு அடுத்ததை அடையாளங் காணலாம். வரிசை பாட்டின் உள்ளேயே பொதிந்திருக்கிறது. மனப்பாடம் செய்வார்க்கும் படியெடுப்பார்க்கும் அது காவல். ஐரோப்பியப் பழைய அச்சு நூல்களில், அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை முந்தைய பக்கத்தின் அடியில் அச்சிடும் வழக்கம் இருந்தது. தாள்களை அடுக்கித் தைப்பவர் வரிசை பிறழாமல் இருக்கச் செய்த அவ்வழக்கமும் ஒருவகை அந்தாதியே. கணினியில் போக்குவாய்க்கும் வரத்துவாய்க்கும் இடையே கட்டப்படும் தொடுப்பு அதே பணியைச் செய்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு. அந்தாதியின் இறுதிச் சொல் முதற் பாட்டுக்கே திரும்பி மண்டலித்து நிற்றல் மரபு. தொடர்சட்டகம் மண்டலிப்பதில்லை, அதற்குக் கடைசிச் சட்டகம் என ஒன்று உண்டு. ஆபத்தும் அங்கேதான் உள்ளது.

கடைசி ஏரியும் நிறைந்தபின் வரும் நீர் கடலுக்குப் போகும். கடைசிச் சட்டகமும் நிறைந்தபின் வரும் எழுத்து எங்கும் போவதில்லை. கணினியின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடுகிறது. அதனை மிகையுரை எனலாம். இன்டிசைனில் போக்குவாயில் ஒரு சிறு சிவப்புக் கூட்டல் குறி தோன்றும். அக்குறி திரையில் மட்டும் தெரியும், தாளில் வராது. மிகையுரையும் தாளில் வராது. எழுத்து அழியவில்லை; கோப்பில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அச்சேறிய நூலில் அது இல்லை. படிப்பவனுக்கு அது இல்லாததே.

தமிழ் இவ்வகை இழப்பை நன்கறிந்த மொழி. புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் இன்றில்லை. நற்றிணையில் 234 ஆம் பாடல் இல்லை. பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அவரும், அவர்போன்ற பதிப்பாசிரியர் பிறரும், முதலும் இறுதியும் இன்றிக் கிடந்த ஏடுகளோடு போராடினர். சுவடியில் துளையிட்டுக் கயிறு கோத்ததும், ஏட்டுக்கு எண் இட்டதும் வரிசையைக் காக்கவே. கயிறு அற்றால் ஏடு பிரிந்தது. பிரிந்த ஏடு மீண்டும் சேரவில்லை. நூல் என்னும் ஒரு சொல்லே இழைக்கும் ஏட்டுக்கும் பெயராக நிற்பதையும், நன்னூற் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் உருவகிப்பதையும் மாணவர் அறிவர். கறையானும் கடற்காற்றும் செய்த இழப்புக்குப் புலவர் பொறுப்பல்லர். ஒரு சிவப்புக் குறியைப் பாராமையால் நேரும் இழப்புக்கு மலர்க்குழு பொறுப்பே.

மிகையுரை ஏன் தோன்றுகிறது என்பதையும் அறிதல் வேண்டும். மலரில் ஒரு கட்டுரை 41 ஆம் பக்கம் முதல் 46 ஆம் பக்கம் வரை ஆறு சட்டகங்களில் அமைந்துள்ளது என்று கொள்வோம். மெய்ப்புத் திருத்துவார் 42 ஆம் பக்கத்தில் விடுபட்ட இரண்டு வரிகளைச் சேர்க்கிறார். ஆறும் தொடுக்கப்பட்டிருந்தால் அவ்விரண்டு வரிகள் ஏனைய பக்கங்களைத் தள்ளிக்கொண்டு 46 ஆம் பக்கத்தின் வெற்றிடத்தில் அடங்கும். அவ்வாறின்றி, அவசரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக வெட்டி ஒட்டப்பட்டிருந்தால், 42 ஆம் பக்கத்தின் இறுதி இரண்டு வரிகள் அப்பக்கத்திலேயே மறைந்துபோகும். 43 ஆம் பக்கம் ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து தொடங்கும். கட்டுரையாசிரியர்க்கு வாக்கியம் எழுதத் தெரியவில்லை என்று படிப்பவன் எண்ணுவான். செய்யாத பிழைக்கு அவர் பழி ஏற்கிறார்.

எழுத்துரு மாற்றம் மற்றொரு காரணம். ஒரே புள்ளியளவில் அமைந்த இரண்டு தமிழ் எழுத்துருக்கள் ஒரே அளவு இடத்தைக் கொள்வதில்லை. தமிழில் புணர்ந்து நீண்ட சொற்கள் மிகுதி. குறுகிய பத்தியில் ஒரு நெடுஞ்சொல் வரியில் அடங்காமல் அடுத்த வரிக்கு இறங்கினால் வரி எண்ணிக்கை கூடுகிறது. ஒரு கணினியில் அமைத்த கோப்பை, அவ்வெழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் திறந்தாலும் இதுவே நேர்கிறது. எனவே மெய்ப்பு முடிந்தபின் எழுத்துருவையோ வரியிடைவெளியையோ மாற்றினால், ஒவ்வொரு கட்டுரையின் இறுதியையும் மீண்டும் பார்த்தேயாக வேண்டும்.

இனி, மலர்க்குழுவினர் கைக்கொள்ளத்தக்க சில நெறிகள்.

ஒரு கட்டுரைக்கு ஓர் உரைத்தொடர் என்பது முதல் நெறி. மலர் முழுவதையும் ஒரே தொடராகப் பாய்ச்சினால், பத்தாம் பக்கத்தில் நீக்கிய ஒரு பத்தி நூறாம் பக்கத்துத் தலைப்பையும் நகர்த்திவிடும். ஏரித்தொடர் ஒன்றின் வெள்ளம் மற்றொரு தொடரில் புகாதிருத்தலே நலம்.

கட்டுரை அச்சகத்துக்குச் செல்லுமுன்னரே முழுமையாகத் தட்டச்சாகி, ஒரே கோப்பாக இருத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. இன்டிசைனில் அதனை வைக்கும்போது ஷிப்ட் விசையை அழுத்திச் சொடுக்கினால், உரை முடியும் வரை வேண்டிய பக்கங்களும் சட்டகங்களும் தாமே தோன்றித் தாமே தொடுக்கப்படும். கையால் தொடுக்கும் உழைப்பும் மிச்சம். இடையே ஒன்று விடுபடும் அச்சமும் இல்லை.

தொடுப்பைக் கண்ணால் காணுதல் மூன்றாவது. உரைத்தொடுப்பைக் காட்டும் கட்டளையை இட்டு ஒரு சட்டகத்தைத் தேர்ந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் கோடுகள் திரையில் தோன்றும். கோடு தவறான பக்கத்துக்குச் சென்றால் உடனே புலப்படும். இடையிலுள்ள ஒரு சட்டகத்தை நீக்க நேர்ந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. அதிலிருந்த எழுத்து அழியாது. அடுத்த சட்டகத்தில் சென்று சேரும். அதனால் கடைசிச் சட்டகம் வழியுமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

செய்யுளைப் பேணுதல் நான்காவது. நான்கடி வெண்பாவின் மூன்றடி ஒரு பக்கத்தில் நிற்க, முச்சீராலான ஈற்றடி மட்டும் மறுபக்கத்தின் தலையில் தனித்து நிற்றல் கொடுமை. பத்தியின் வரிகளைப் பிரியாது வைக்கும் அமைப்பு இன்டிசைனில் உண்டு. மேற்கோட் பாடல்களுக்கு அதனை இட்டுவைத்தால் பாட்டு முழுவதும் ஒருங்கே அடுத்த பக்கம் செல்லும்.

தொடர்ச்சி வேறு பக்கத்தில் வரும்போது பக்க எண்ணைக் கையால் இடாதிருத்தல் ஐந்தாவது. 'தொடர்ச்சி இத்தனையாம் பக்கம்' என்னும் குறிப்பைக் கண்டு, அப்பக்கத்தைப் புரட்டி, அங்கே வேறொன்றைக் கண்டு ஏமாறாத தமிழ் வாசகர் அரியர். தொடுக்கப்பட்ட அடுத்த சட்டகம் எப்பக்கத்தில் உள்ளதோ அவ்வெண்ணைத் தானே காட்டும் குறி மென்பொருளில் உள்ளது. பக்கம் மாறினால் எண்ணும் மாறும்.

இறுதி நெறி, அச்சுக்கு அனுப்புமுன் ஒருவர் ஒரு கையில் கட்டுரையாசிரியரின் மூலப்படியையும் மறுகையில் அச்சுப்படியையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டுரையின் கடைசி வாக்கியத்தையும், ஒவ்வொரு பக்கத் திருப்பத்தையும் ஒப்பிடுதல். மென்பொருளின் முன்சோதனைப் பகுதி மிகையுரை இருப்பதை அறிவிக்கும், அதனையும் பார்க்கலாம். ஆயினும் தவறாக வெட்டி எறியப்பட்ட வரியை அச்சோதனை அறியாது. அதனை அறிய மூலத்தைப் படித்தவர் கண் வேண்டும். இது பாடபேதம் நோக்கிப் பழகிய தமிழாசிரியர்க்கே உரிய திறம்.

இவ்வளவு கவலை ஒரு மலருக்கு வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும் என்பதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. தொண்ணூறுகளில் தமிழ் அச்சகங்கள் பயன்படுத்திய எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கென வேறுவேறு குறியீட்டு முறை கொண்டவை. ஓர் எழுத்துருவில் அமைத்தது மற்றொன்றில் படிக்க இயலாததாயிற்று. அக்குழப்பத்தைத் தீர்க்க 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தாம், தாப் என்னும் குறியீட்டு முறைகள் வகுக்கப்பட்டன. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் ஏற்றது. 2012-இல் வந்த இன்டிசைன் ஆறாம் சி.எஸ். பதிப்பு முதல் ஒருங்குறித் தமிழை முறையாகக் கோக்கும் வசதி அமைந்தது. ஸ்கிரைபசின் 1.6 பதிப்பு 2024-இல் வெளிவந்தபின் விலையில்லா மென்பொருளிலும் அவ்வசதி நிலைபெற்றது. இன்று பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற முனைவோர்க்கு ஓர் உண்மை புலனாகிறது. தொடுத்து அமைத்த கட்டுரையை ஒரே சொடுக்கில் முழுமையாக வெளியே எடுத்து மாற்றிவிடலாம். பக்கத்துக்கு ஒரு தனிப்பெட்டியாக வெட்டி ஒட்டியதை ஒவ்வொன்றாக எடுத்து, முன்பின் தேர்ந்து, கையால் இணைக்க வேண்டியுள்ளது. ஏடு பிரிந்த சுவடியை அடுக்கும் அதே வேலை கணினிக் காலத்திலும் வந்து சேர்ந்திருக்கிறது.

பார்வையற்றோர்க்குத் திரையைப் படித்துச் சொல்லும் கருவிகளும் மின்னூல்களும் பெருகியுள்ள காலம் இது. பக்கத்தின் அழகு அக்கருவிக்குத் தெரியாது. எதன்பின் எது என்னும் வரிசையே அதற்கு வேண்டும். தொடுப்பு உள்ள உரை மின்னூலாகும்போது தொடர்ச்சி அறாமல் செல்கிறது. தொடுப்பு இல்லாத பெட்டிகளின் வரிசையைப் பிறகு ஒருவர் இருந்து ஒழுங்கு செய்ய வேண்டும். செய்யாவிடில் கேட்பவர் காதில் மூன்றாம் பத்தியின் பின் ஐந்தாம் பத்தி விழும்.

செங்கற்பட்டை அடுத்த வல்லத்தில், மகேந்திரவர்மன் காலத்தில், வயந்தப்பிரி அரசரின் மகன் கந்தசேனன் குடைவித்த கோயில் ஒன்று உள்ளது. அச்செய்தியைச் சில தமிழ்ச் சொற்களில் அங்குள்ள தூண்களில் பொறித்து வைத்தனர். பொறித்தவன் இடத்தை அளந்தே எழுத்தை வைத்திருக்க வேண்டும். வெட்டியபின் ஒரு சொல்லையும் நுழைக்க முடியாது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கட்டியவன் பெயரும் அவன் தந்தை பெயரும் நிற்கின்றன. எழுத்தை நுழைக்கவும் நீக்கவும் பெயர்க்கவும் கணினி வசதி தந்திருக்கிறது. அவ்வசதியோடு, எழுதியது முழுவதும் தாளில் வந்ததா என்று பார்க்கும் பொறுப்பையும் தந்திருக்கிறது. மலருக்கு எழுதும் ஆசிரியர் பலர் அதற்கென ஊதியம் பெறுவதில்லை. தம் எழுத்து கடைசிச் சொல் வரை அச்சேறும் என்னும் நம்பிக்கை ஒன்றே அவர் பெறுவது. அந்நம்பிக்கையைக் காப்பது, இப்பத்தாண்டு மலரிலும் இனி வரும் மலர்களிலும், பதிப்புக்குழுவின் முதற் கடமையாக அமைக.